எடைக்குப் போன பாடப்புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சந்தைக்கான வணிக உத்திகளை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இரண்டு நாள் பயிற்சி கரூரில் நடந்த செய்தியைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். அதே வாரத்தில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் ஒரு காட்சியைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து நினைத்ததால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் சேர்ந்திருந்த செய்தித்தாள்களைப் போடுவதற்காகப் போயிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் நீல நிற அட்டைக் கோப்புகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே இருந்த கோப்பின் முதுகில் இன்வாய்ஸ் எண்ணும் ஆண்டும் எழுதியிருந்தது. அந்த எழுத்து என்னுடையது. நான் 33 ஆண்டுகள் வேலை பார்த்த ஏற்றுமதி நிறுவனம் அலுவலகத்தை மாற்றியபோது பழைய கோப்புகளை எடைக்குப் போட்டுவிட்டது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர்கள் செய்ததில் குற்றம் இல்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. கடைப் பையனிடம் சொல்லி, எனக்கு நினைவிருந்தவற்றைத் தேடி 11 கோப்புகளை எடுத்தேன். "அக்கா, இது உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டான். 14 கிலோ, கிலோ 18 ரூபாய் என்று 252 ரூபாய் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். அன்று மாலையே பழைய முதலாளிக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். "பெயர்களை மட்டும் அடித்துவிடுங்கள் அம்மா, மற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1988இல் தட்டச்சு ஹையர் முடித்த கையோடு, கிச்சன் டவல், டேபிள் மேட், ஏப்ரன், படுக்கை விரிப்பு ஆகியவற்றை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. கார்பன் தாள் வைத்து ஏழு நகல் அடித்த காலத்தில் தொடங்கி, கணினியில் எல்லாம் முடியும் காலம் வரை, 2021 மார்ச் மாதம்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். நான் வெளிநாடு போனதில்லை. ஆனால் ஹாம்பர்க், ரோட்டர்டாம், ஃபெலிக்ஸ்டோ என்று நான் தட்டச்சு செய்யாத துறைமுகம் குறைவு.

அந்தப் பயிற்சிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பையன் அங்கே கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் உலகம் முழுவதும் எப்படிக் கிளை பரப்பின, பலம் பலவீனங்களை எப்படிக் கட்டம் போட்டுப் பார்ப்பது என்றெல்லாம் நல்ல முறையில்தான் அச்சிட்டிருந்தார்கள். அதில் பிழை காண எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கிறிஸ்துமஸுக்கு விற்கும் டேபிள் ரன்னருக்கு ஐரோப்பாக்காரர் எந்த மாதம் ஆர்டர் கொடுப்பார்?" அக்டோபர் என்றான். அக்டோபரில் அந்தச் சரக்கு அங்கே கடை அலமாரியில் இருக்க வேண்டும். ஜனவரியில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் சாம்பிள் பார்த்து, கோடைக்கு முன் ஆர்டர் உறுதியாகி, ஆடி ஆவணிக்குள் சரக்கு தூத்துக்குடியை விட்டுப் போயிருக்க வேண்டும். கரூரில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. அந்தப் புத்தகத்தில் இல்லை.

நான் கொண்டுவந்த கோப்புகளில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாவது 1994ஆம் ஆண்டுக் கோப்பு. அதுவரை நாங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்குத்தான் படுக்கை விரிப்புகளும் பஞ்சு அடைத்த போர்வைகளுக்கு மாட்டும் உறைகளும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே இருவர் படுக்கைக்கு 200க்கு 200 சென்டிமீட்டரில் ஒரு போர்வை உறையும், 50க்கு 75இல் இரண்டு தலையணை உறைகளும் சேர்ந்தது ஒரு செட். ஜெர்மனியில் ஒருவர் விசாரணை அனுப்பினார். அதே பழக்கத்தில் ஒரு போர்வை உறை, இரண்டு தலையணை உறை என்று கணக்குப் போட்டு விலை சொன்னோம். விலை அதிகம் என்று பதில் வந்தது. மறுபடி குறைத்தோம். மறுபடியும் அதிகம் என்றார். நூல் விலையிலும் தறிக் கூலியிலும் கை வைத்தால்தான் இதற்கு மேல் குறைக்க முடியும் என்ற நிலை.

அப்போதுதான் அளவுப் பட்டியலைக் கட்டிங் மாஸ்டர் கையில் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "80க்கு 80 தலையணையா? சதுரத் தலையணையில் யார் படுப்பார்கள்? தப்பாக அடித்திருக்கிறார்கள்" என்றார். போர்வை உறையும் 135க்கு 200 என்று ஒடுக்கமாக இருந்தது. எனக்கும் சந்தேகம் வந்தது. கேட்பதில் என்ன குறைந்துவிடும் என்று ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. எழுத்து ஒரே வரி. கீழே பேனாவால் ஒரு கட்டில் படம். கட்டிலின் மேல் இரண்டு ஒடுக்கமான போர்வைகள் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வைத்ததுபோல வரைந்திருந்தார். தலைமாட்டில் இரண்டு சதுரத் தலையணைகள். அங்கே கணவன் மனைவியானாலும் பெரும்பாலும் ஆளுக்கொரு போர்வை. ஒரு போர்வைக்கு ஒரு தலையணை. அதனால் அவர்கள் கடையில் விற்கும் செட்டில் ஒரு போர்வை உறையும் ஒரு தலையணை உறையும்தான் இருக்கும்.

நாங்கள் யாரும் கேட்காத இரண்டாவது தலையணை உறையைச் சேர்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தோம். அதை எடுத்துவிட்டுப் புதிய விலை அனுப்பினோம். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆர்டர் வந்தது; அந்தப் பையர் (வாங்குபவர்) அதன்பின் 12 ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

அந்த ஃபேக்ஸ் தாள் வெப்பத்தாள் என்பதால் இன்று வெறும் மஞ்சள் காகிதமாக வெளுத்துவிட்டது. நல்லவேளையாக அன்றே ஜெராக்ஸ் எடுத்து அடுத்த பக்கத்தில் கோத்து வைத்திருந்தேன். வெளிநாட்டுச் சந்தையைப் புரிந்துகொள்வது என்று புத்தகங்கள் நூறு பக்கம் எழுதுவதை அந்தக் கட்டில் படம் எனக்கு ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுத்தது. ஒரு கல்லூரி மாணவன் கையில் அந்தத் தாளைக் கொடுத்து, "நாம் சொன்ன விலை ஏன் எடுபடவில்லை, கண்டுபிடி" என்று சொன்னால் அவன் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான்.

இரண்டாவது கோப்பு என் மனதை இன்றும் அறுக்கும் கோப்பு. 1997 நவம்பர். ஈஸ்டர் விற்பனைக்கான டேபிள் மேட், 22,000 டாலர் சரக்கு. பணத்துக்கு எல்.சி. வந்திருந்தது. எல்.சி. என்பது, குறித்த ஆவணங்களைக் குறித்தபடி கொண்டுவந்து கொடுத்தால் பணம் தருகிறோம் என்று பையரின் வங்கி தரும் உறுதி. கடைசிக் கப்பல் தேதி 15 என்று அதில் எழுதியிருந்தது. 14ஆம் தேதி இரவு லாரி கிளம்பியது. வழி முழுவதும் மழை. கோவில்பட்டிக்கு அருகே அச்சு முறிந்து நின்றுவிட்டது. பெரிய கப்பலில் மாற்றுவதற்காகச் சரக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் ஃபீடர் கப்பல் 15ஆம் தேதி போய்விட்டது. அடுத்த கப்பலில் 17ஆம் தேதி ஏற்றினார்கள். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பி.எல்.லில் ஏற்றிய தேதி 17 என்று வந்தது.

லாரி நின்ற செய்தி வந்தவுடனே, எல்.சி.யில் கடைசித் தேதியைத் திருத்தித் தரும்படி பையரைக் கேட்டு ஒரு ஃபேக்ஸ் அனுப்பியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். முதலாளியிடம் சொன்னேன். "இரண்டு நாள்தானே அம்மா, பழகிய பையர், பேசிக்கொள்ளலாம்" என்றார். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. அதுதான் என் தவறு. ஆவணங்கள் போய்ச் சேர்ந்ததும், தேதி பொருந்தவில்லை என்று வெளிநாட்டு வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. சரக்கு ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கிவிட்டது; அங்கே நாளுக்கு நாள் வாடகை ஏறியது. பழகிய பையர்தான்; 18 சதவீதம் தள்ளுபடி கேட்டார். திருப்பிக் கொண்டுவரும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டோம். 3,960 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். அந்தப் பொங்கலுக்குத் தறிக்காரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வேட்டி, சேலை கொடுக்கப்படவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் தறிக்கூடத்துக்குள் போவதைத் தவிர்த்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் ஆறு பிள்ளைகளுக்கு இந்தக் கோப்புகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பணம் வாங்குவதில்லை. 1997 கோப்பை அவர்கள் முன் வைத்து, பணம் ஏன் நின்றது என்று கேட்டேன். எல்.சி. ஒருவர் கையில், பி.எல். ஒருவர் கையில், இன்வாய்ஸ் ஒருவர் கையில். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், அப்பா வெங்கமேட்டில் தறி ஓட்டுகிறார், பத்து நிமிடத்தில் இரண்டு தேதிகளிலும் விரலை வைத்துவிட்டாள். வைத்த விரலை எடுக்காமலே, "சரக்கு நன்றாகத்தானே இருந்தது அத்தை, பிறகு ஏன் பணம் தரவில்லை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள்தான் கடல் தாண்டி வியாபாரம் செய்ய முடியும். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறது. உலகம் முழுவதும் வங்கிகள் பின்பற்றும் பொது விதியே அதுதான். 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு ஐந்து வேலை நாள். எங்கள் காலத்துப் பழைய விதியில் ஏழு. தறி ஓட்டும் அப்பா ஒரு நூல் அறுந்தாலும் நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். அவருடைய உழைப்பு ஒரு தேதியில் அறுந்து போகக்கூடும் என்று அவருடைய மகளுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

மற்றக் கோப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய் என்று கணக்கிட்டு 60,000 டாலருக்கு விலை உறுதி செய்தோம். பணம் வந்தபோது டாலர் 40. கைக்கு வரவேண்டியதில் 2,40,000 ரூபாய் காணாமல் போனது. வங்கியில் முன்கூட்டியே விலை பேசி டாலரைக் கட்டிவைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் என்ற ஒன்று அப்போதும் இருந்தது, நாங்கள் போடவில்லை. அந்தப் பயத்தில் திருப்பூரில் பல ஏற்றுமதியாளர்கள் தங்களுக்கே விளங்காத சிக்கலான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, முன்னதைவிடப் பெரிய நஷ்டத்தில் மாட்டினார்கள். இன்னொரு கோப்பு 2009. 15 ஆண்டு பழகிய பையர் கடையை மூடிவிட்டார். வெளிநாட்டுப் பையர் பணம் தராமல் போனால் ஈடுகட்டும் ஈ.சி.ஜி.சி. காப்பீட்டை அவருக்கு மட்டும் எடுக்காமல் விட்டிருந்தோம். பிரீமியம் மிச்சம் என்று.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் திண்ணைக்கு வரும் ஓர் இளைஞர் ஏப்ரன் தைத்து அமெரிக்காவில் சிறு கடைகளுக்கு நேரடியாக அனுப்புகிறார். வாங்குபவருக்குச் சிரமம் இல்லாமல், அந்த நாட்டு இறக்குமதி வரி உட்பட எல்லாச் செலவும் தன்னுடையது என்று டி.டி.பி. முறையில் விலை சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் ஆர்டர் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிடைத்தது உண்மைதான். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. எஃப்.ஓ.பி. முறையில், கப்பலில் ஏற்றியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று விற்றவர்களிடம் பையர்கள் வரியைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிப் பேரம் பேசினார்கள். பேசுவதற்காவது இடம் இருந்தது. டி.டி.பி. என்று எழுதிக் கொடுத்தவருக்குப் பேச்சே இல்லை. 10,000 டாலர் சரக்குக்கு 5,000 டாலர், வழக்கமான வரி போக, அப்போது அவர் தலையில்தான் விழுந்தது. மூன்று எழுத்தில் இருக்கிறது அந்த வித்தியாசம். விலைக்குப் பக்கத்தில் எழுதும் இந்த இன்கோடெர்ம்ஸ் சொற்கள் மொத்தமே 11. ஒரு வாரம் உட்கார்ந்தால் கற்றுவிடலாம். தமிழில் சொன்னால் மூன்று நாள் போதும்.

தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் யார் பொறுப்பு எங்கே முடிகிறது, பணம் எந்த வழியில் வருகிறது, வழியில் எங்கே நிற்கும் என்பதைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர்கள் ஆங்கிலக் காகிதத்தைத் தைரியமாகப் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் தேடுகிறார்கள். 33 ஆண்டுகளில் எத்தனையோ புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறேன்; அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். கரூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, ஆம்பூர் என்று ஏற்றுமதி நடக்கும் ஒவ்வோர் ஊரிலும் பழைய கோப்புகள் இரும்பு பீரோக்களில் இருக்கின்றன. வெற்றி பெற்ற ஷிப்மென்ட் கோப்புகளைவிட, பணம் நின்றதும் தள்ளுபடி கொடுத்ததும் சரக்கு திரும்பி வந்ததுமான கோப்புகளில்தான் பாடம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம், பெயரையும் வங்கிக் கணக்கையும் மறைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு கோப்பாவது அந்தந்த ஊர் அரசுக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கல்லூரிகள் வணிகவியல் துறையில் ஒரு பீரோவை அதற்கென ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கோப்பு, மாணவர்கள் கையில் தாளாகக் கொடுத்து, எங்கே தவறு நடந்தது என்று அவர்களையே தேடவிட வேண்டும். பாடம் எடுக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. வங்கிகளில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், தூத்துக்குடியில் சுங்க முகவர்களாக ஆயுள் முழுவதும் வேலை பார்த்தவர்கள், என்னைப்போல ஆவணம் தயாரித்தவர்கள் எத்தனையோ பேர் வீட்டில்தான் இருக்கிறோம். பஸ் கட்டணம் கொடுத்தால் வருவோம். கொடுக்காவிட்டாலும் வருவேன்.

முதலாளிகள் தயங்குவார்கள் என்பது தெரியும். நஷ்டத்தை வெளியே சொல்வது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. விலை வெளியே தெரிந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. பத்து ஆண்டு பழைய விலையை வைத்துக்கொண்டு இன்று யாரும் ஆர்டர் பிடிக்க முடியாது. நஷ்டத்தைப் பொறுத்தவரை, நான் பேசிப் பார்த்த எல்லோருக்கும் இதேபோல ஒரு கோப்பாவது இருக்கிறது. என் பழைய முதலாளி பெயரை அடித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். மற்றவர்களும் சொல்வார்கள், யாராவது போய்க் கேட்க வேண்டும்.

என்னிடம் உள்ள 11 கோப்புகளில் ஒன்பதில் பெயர்களையும் முகவரிகளையும் கறுப்பு மையால் அடித்து முடித்துவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி. வரும் வாரத்துக்குள் முடிந்துவிடும். எந்த அரசுக் கல்லூரி கேட்டாலும் மூலத் தாள்களையே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். கட்டில் படம் இருக்கும் 1994 கோப்பை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுங்கள். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஆவணப் பொறுப்பாளர்,
கரூர்.